விட்ட கொடுக்கு

அந்த வருசமும் கண்மாய் நிறையவில்லை. நடுக்கண்மாயில் ஆடு மேய்ந்தது. பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த தரையில் கருவேலங்கன்று முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. களையெடுப்பும் கிடையாது, கதிரறுப்பும் கிடையாது. ஆர்.எஸ்.மங்கலத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் ஆண்கள் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போனார்கள். பெண்கள் நண்டுக்குப் போனார்கள்.

நண்டுக்குப் போவதென்றால் கடலுக்குள் போவதில்லை. உப்பூருக்குக் கிழக்கே, கரையை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் வலையில் கொண்டுவரும் நண்டை அங்கே ஆவியில் அவித்து, உடைத்து, சதையை எடுத்துத் தகர டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். விடியும்போது ஒரு வேன் வந்து, ஊருக்குப் பாதை பிரியும் ஏந்தல் விலக்கில் நின்று ஆரன் அடிக்கும். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஓடி ஏறுவார்கள். வயலில் குனிந்தே பழகிய பெண்கள் அங்கே நாள் முழுக்க நின்றார்கள். சாயந்தரம் திரும்பும்போது வேனுக்கு முன்னால் அந்த வாடை ஊருக்குள் வந்துவிடும்.

பூமயில் வீட்டில் நண்டுக்குப் போனவள் இராமலட்சுமி. பூமயிலின் புருசன் சோணைமுத்துவுக்கு ஒரே தங்கச்சி. தாய் தகப்பன் இல்லை. பூமயில் வாக்கப்பட்டு வந்தபோது இராமலட்சுமிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து தலை சீவிவிட்டவளும், சடங்கு சுற்றியவளும் பூமயில்தான். பூமயிலுக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அதனால் இவளைத் தன் பிள்ளை என்று நினைக்கும் நாளும் உண்டு. தன் பிள்ளை வரவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறவள் என்று நினைக்கும் நாளும் உண்டு. இரண்டாவது நினைப்பு வரும் நாட்களில் பூமயில் அவளுக்குக் கூட ஒரு கரண்டி சோறு வைப்பாள்.

வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் இராமலட்சுமி தூக்குச்சட்டியில் ஒரு நண்டைக் கொண்டுவந்தாள். கால் ஒடிந்தது என்று கழித்துப் போட்ட நண்டு. அவித்ததால் சிவந்திருந்தது. தட்டில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"மதினி, இங்கன வந்து பாருங்க. வயக்காட்டு நண்டையே பாத்த கண்ணுக்கு இது ராசா நண்டு."

"ராசாவா, ராணியா?"

"அதுக்குத்தேன் பொரட்டிப் பாக்கணும். வயித்துல மடிச்சு வச்சிருக்குல்ல, இந்த மடலு, இது ஒடுக்கமா இருந்தா ஆணு. அகலமா இருந்தாப் பொண்ணு. பொண்ணுக்கு இதுக்கு அடியிலதேன் முட்டைய வச்சிக்கிரும். சினை நண்டு வந்தா எடுக்கக்கூடாதும்பாக, ஆனா எடுப்பாக." ஓட்டின் பின்பக்கம் கட்டை விரலைக் கொடுத்து நெம்பினாள். மூடி திறப்பதுபோல் ஓடு தனியே வந்தது. "கையி ரெண்டையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. தடிச்ச கையி நசுக்குறதுக்கு. மெலிஞ்ச கையி அறுக்குறதுக்கு."

"ஒண்ணு உரலு, ஒண்ணு அருவா."

"நீங்க உரலு. நான் அருவா."

"வாயப் பாரு. நான் தடிச்சுப் போயிட்டேங்கிறியா?"

சோணைமுத்து கை கழுவிவிட்டு வந்து எட்டி நின்று பார்த்தான். இராமலட்சுமி கடைசிக் காலைத் தூக்கிக் காட்டினாள். மற்றக் கால்கள் கூராக இருந்தன. இது மட்டும் நுனியில் தட்டையாக, காம்பு கிள்ளிய வெற்றிலைபோல் இருந்தது.

"இது துடுப்பு. நாளெல்லாம் இதத்தேன் சுழட்டி நீந்திக்கிட்டு இருக்கும். அதனால இந்த மூட்டுக்கு உள்ளதேன் சதை சேந்து கெடக்கும். முத்துக்கணக்கா ஒரே கட்டி. ஒடையாம எடுக்கணும், ஒடஞ்சா வேற டப்பாவுக்குப் போயிரும். எந்த எடம் உழைக்குதோ அங்கனதேன் சதை வைக்கும் மதினி, மனுசனாட்டம்."

"அப்ப ஒங்கண்ணனுக்கு நாக்குலதேன் இருக்கணும்."

"இந்தா, நான் சும்மாதேன் நிக்கிறேன்," என்றான் சோணைமுத்து.

அவள் ஒவ்வொன்றாய்ப் பிரித்து வைத்தாள். காம்பில் முளைத்த கண்ணை மடக்கிக் காட்டினாள், காம்பு ஓட்டில் இருந்த பள்ளத்துக்குள் போய்ப் படுத்தது. வாய்க்கு முன்னால் சன்னல் கதவுபோல் மூடித் திறக்கும் தகடுகள். அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பை. பையைக் கீறி, பழுப்பாய் இருந்த சின்னஞ்சிறு பற்களை நகத்தில் எடுத்தாள்.

"இது வயிறு. வயித்துக்குள்ள பல்லு. வாயில பிச்சு முழுங்கிரும், உள்ள போயி அது பாட்டுக்கு அரைச்சுக்கிட்டே கெடக்கும்."

பூமயில் அந்தப் பல்லையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வயிற்றுக்குள் வைத்து அரைப்பது அவளுக்குத் தெரியாத காரியம் இல்லை.

"இது என்னடி, கோழி இறகாட்டம்?"

"செவுளு. ரெண்டு பக்கமும் வரிசையா இருக்கும். இதுலதேன் மூச்சு. ஓட்டுக்குள்ள கொஞ்சம் தண்ணியத் தேக்கி வச்சிருக்கும். அந்த ஈரம் இருக்குமட்டும் கரையிலயும் உசுரோட கெடக்கும். ஈரம் வத்த வத்த வாயில நுரை தள்ளும். கூடைக்கிட்ட காதை வச்சா நொறுநொறுன்னு கேக்கும் மதினி. ஒலை கொதிக்கப் போற மாதிரி. புதுசுல எனக்கு என்னமோ பண்ணுச்சு. இப்பப் பழகிருச்சு."

"பாவம்."

"பாவந்தேன். அதுக்குள்ள ஆவிப்பெட்டிக்குள்ள தள்ளிருவோம்ல. அது என் வேலை. உசுர் நண்டை எடுத்து அடுக்குறது, வெந்தா எடுக்குறது." அவள் ஆள்காட்டி விரலை நீட்டினாள். இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் தழும்பு. "புடிச்சிருச்சுன்னா இழுக்கப்படாது. இழுத்தா கொடுக்கைக் கழட்டி விட்டுட்டு அது பாட்டுக்கு ஓடிரும். கழண்ட எடத்துல ஒரு சொட்டுத் தண்ணி வராது, மூடிக்கிரும். அப்பறம் புதுசா மொளைக்கும். ஆனா விட்ட கொடுக்கு இருக்குல்ல, அது கடிச்ச கடிய விடாது."

"உசுரு அங்கிட்டுப் போனப்பறம் எப்பிடிடி கடிக்கும்?"

"அதேன் எனக்கும் தெரியல. ஆளு போனப்பறமும் பிடி இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சதையை எடுத்து அண்ணன் வாயில் ஒன்று, மதினி வாயில் ஒன்று வைத்தாள்.

*

ஆடி கழிந்து ஆவணியில் அவள் கையில் அரிப்பு வந்தது. விரலிடுக்கில் தடித்துச் சிவந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டார்கள். பிறகு இருமல். பிறகு, ஆவிப்பெட்டி திறக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைப்பதாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து படுத்தால் மூச்சில் விசில் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பாள். திங்கள் சாயந்தரம் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவாள்.

"இழுப்பு," என்றாள் பக்கத்து வீட்டு முருகம்மாள். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தாள், யாரும் கேட்டுவிட்டார்களா என்று. பரமக்குடிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இராமலட்சுமியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இழுப்புக்காரி என்று ஒரு பேர் விழுந்தால் அந்தப் பேச்சு அத்தோடு நிற்கும். ஆனால் பூமயிலுக்குப் பயம் அதில் இல்லை. அந்தப் பிள்ளை மூச்சுக்கு எட்டி எட்டிப் பிடிப்பதைப் பார்க்கும்போது, கல்யாணம் காட்சி எல்லாம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. இவளுக்கு மூச்சு வரவேண்டும். அவ்வளவுதான்.

இழுப்புக்கு என்ன செய்வது என்று அந்த ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நண்டுச்சாறு. வரப்பு நண்டை உயிரோடு கழுவி, உரலில் ஓட்டோடு, காலோடு இடித்து, துணியில் பிழிந்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுப்பது. பூமயில் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்படிக் குடித்துத்தான் சளி விட்டது. அவளுடைய ஆத்தாளும் அப்படித்தான். தண்ணீர் இல்லாத வருசத்தில் வரப்பில் நண்டு ஏது? சோணைமுத்து மடைக்குக் கீழே ஈரம் தங்கிய இடத்தில் கையை முழங்கை வரை வளைக்குள் விட்டுத் துழாவி ஒன்றோ இரண்டோ கொண்டுவருவான். கிடைக்காத நாளில் இராமலட்சுமியே ஷெட்டிலிருந்து ஒடிந்த நண்டைக் கொண்டுவந்தாள். தனக்கான மருந்தைத் தானே தூக்குச்சட்டியில் சுமந்து வந்தாள்.

முதல் தடவை குடித்ததும் தொண்டை அரிப்பதாகச் சொன்னாள். பிறகு ஓங்கரித்து, சளியும் நுரையுமாகக் கக்கினாள். அன்று விசில் சத்தம் கூடித்தான் இருந்தது. முருகம்மாள் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்யுது. உள்ள கட்டிக் கெடந்ததக் கிளப்பி விடுது. நிப்பாட்டிராதத்தா," என்றாள். பூமயிலும் அப்படித்தான் நினைத்தாள். கக்கினால் நல்லது, இருமினால் நல்லது. எதுவும் நடக்காத நாளில் மருந்து பிடிக்கவில்லை என்று இன்னொரு நண்டைச் சேர்த்து இடித்தாள்.

பத்தியமும் வைத்தாள். கத்திரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது, பழைய சோறு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது.

"எல்லாத்தையும் நிப்பாட்டிட்டீங்க. கொழம்பு வாசமாச்சும் புடிச்சுக்கிறவா?" என்றாள் இராமலட்சுமி.

"சாறைக் குடி. வாசம் அதுலயே இருக்கு."

"இந்த நண்டை நாளெல்லாம் நான் அவிக்கிறேன். வீட்டுக்கு வந்தா அது என்னைய அவிக்குது மதினி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பூமயில் அவள் முதுகைத் தடவிக்கொண்டே டம்ளரை வாயில் பிடித்தாள். அந்த நேரங்களில் பூமயிலுக்கு ஒரு நிறைவு இருந்தது. அதை வெளியில் சொல்ல முடியாது. இவ்வளவு வருசம் அந்தப் பெண்ணுக்குச் செய்த எதிலும், கூட வைத்த அந்த ஒரு கரண்டிச் சோற்றிலும், ஏதோ ஒரு கணக்குத் தீர்க்கும் எண்ணம் இருந்தது. இதில் அது இல்லை. இதை மட்டும் முழுமனதாய்ச் செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

புரட்டாசியில் ஒருநாள் ரொம்ப முடியாமல்போய் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மூக்கில் புகைபோல் ஒன்றை வைத்தார்கள். மூச்சு இறங்கியது. டாக்டர் இளவயசுக்காரர், வரிசை நீளமாக இருந்தது. "என்ன சாப்பாடு குடுக்குறீங்க? ஏதாவது ஒத்துக்காதது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

பூமயில் ஒன்று விடாமல் சொன்னாள். கத்திரிக்காயை நிறுத்தியதைச் சொன்னாள், கருவாட்டை நிறுத்தியதைச் சொன்னாள். இட்லி, ரசம், சுடுதண்ணீர் என்றாள். நண்டுச்சாற்றைச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. அவர் சாப்பாட்டைக் கேட்டார். அது மருந்து.

*

ஐப்பசியில் இராமலட்சுமியால் எழுந்து வேனுக்கு நடக்க முடியவில்லை.

"எனக்குப் பதிலா நீங்க போங்க மதினி. எடத்த விட்டா வேற ஆளு வந்து நின்னுக்கிரும்."

"எனக்கு என்னடி தெரியும்?"

"நாந்தேன் பிரிச்சுப் பிரிச்சுக் காமிச்சிருக்கேன்ல. கையி தானா போகும்."

முந்தின ராத்திரி நல்ல மழை. அந்த வருசத்தின் முதல் மழை. வாசலில் மண் குழைந்து கிடந்தது. பூமயில் சாறு வைத்து மூடிவிட்டு, "பத்து மணிக்குச் சூடுபண்ணிக் குடுங்க," என்று புருசனிடம் சொன்னாள். அவன் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டிருந்தான். "மழைக்கு நண்டு வெளிய வந்திருக்கும். போயிப் பாத்துட்டு வாரேன்," என்றான். பல நாளைக்குப் பிறகு அவன் முகம் தெளிவாக இருந்தது.

ஷெட்டில் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் முன்துணியும் கொடுத்தார்கள். கையை மருந்துத் தண்ணீரில் முக்கச் சொன்னார்கள். ஆவிப்பெட்டிப் பக்கம் வேறொருத்தி நின்றாள். பூமயிலை எஃகு மேசைக்கு அனுப்பினார்கள். கதவோரம் ஓலைக்கூடைகள் இருந்தன. அவற்றைக் கடந்து போகும்போது அந்தச் சத்தம் கேட்டது. நொறுநொறு. பூமயில் நின்றுவிட்டாள். வீட்டில் பாயில் கேட்கும் சத்தம்தான் அது.

மேசையைப் பார்த்துக்கொண்டவள் உம்மு ஹபீபா. கடற்கரை ஊர்க்காரி, ஐம்பது வயசு இருக்கும். தொப்பிக்கு மேலே முக்காடு. யாருடைய கை எங்கே தப்புகிறது என்று திரும்பாமலே சொல்வாள்.

"நீதான் லெச்சுமி மதினியா? வா. ஓட்டை எடு. ம். செவுளை வழிச்சு வாளியில போடு. மஞ்சளைத் துடை. ரெண்டாக் கீறு. துடுப்பு மூட்டுல கத்திய வைக்காத, விரலை வை. மெல்ல. அல்லாவே, புள்ள பொறக்க வைக்கிற மாதிரி எடுக்கணும்மா, கெழங்கு தோண்டுற மாதிரி இல்ல."

மேசை சிரித்தது. பூமயிலின் விரல் உள்ளே போனது. வெள்ளைக் கட்டி உடையாமல் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. இராமலட்சுமி சொன்னது சரிதான், கை தானாகப் போனது.

வாளியில் செவுள்கள் சேர்ந்துகொண்டே வந்தன. சாம்பல் நிற இறகுகள்.

"இத ஏன்க்கா தூரப் போடுறது? நாங்க வரப்பு நண்டை அப்பிடியே இடிச்சிருவோம்."

"திங்கிறவங்களைத்தான் கேக்கணும். எங்க வீட்டுல நண்டே புழங்குறதில்ல. எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்து ஆகாதுன்னுட்டாரு. கையால தொட்டுப் பொழைக்கிறதோட சரி." உம்மு ஹபீபா ஒரு கட்டியை விளக்கில் காட்டி ஓட்டுத்துணுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள். "லெச்சுமிக்கு எப்பிடி இருக்கு?"

"இழுப்பு விடலக்கா."

"நான் அப்பவே சொன்னேன், ஆவிப்பெட்டியை விட்டுட்டு மேசைக்கு வாடின்னு. இந்த நண்டோட ஆவி எல்லாருக்கும் ஒத்துக்கிறாது. என் தங்கச்சி மக சாலிஹா இங்கனதான் நின்னா. முதல்ல கை தடிச்சுச்சு. அப்பறம் நெஞ்சு. மதுரைக்குக் கொண்டுபோயித்தான் கண்டுபிடிச்சாங்க. அவ உடம்புக்கு நண்டு வெசமாம். தொடக்கூடாது, ஆவி படக்கூடாது, ஒரு சொட்டு உள்ள போகக்கூடாதுன்னு டாக்டரு கண்டிசனாச் சொன்னாரு. ஒரு தடவை கல்யாண வீட்டுல தெரியாம நண்டு போட்ட சாறைக் குடிச்சிட்டு மூச்சு நின்னு மௌத்தாகத் தெரிஞ்சுச்சு, பொழைச்சதே பெருசு."

பூமயிலின் விரல் மூட்டுக்குள்ளேயே நின்றது.

"சாறா?"

"சாறுதான். ஏம்மா?"

"சளிக்கு நல்லதுல்லக்கா?"

உம்மு ஹபீபா முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"குடுக்குறீங்களா?"

பூமயில் விரலை வெளியே இழுத்தாள். வெள்ளைக் கட்டி உடைந்து வந்தது.

"யா ரப்பே. அதைச் சொல்லணும்னு எனக்கு நெனப்பே வரலியே. நாங்க திங்கிறதில்ல, மருந்துக்குக் குடுப்பாங்கன்னு எனக்கு எங்கிட்டுத் தெரியும்? எந்திரி. தொப்பியக் கழட்டு. போ புள்ள, போ."

முன்துணியோடுதான் ஓடினாள். உப்பூர் ரோட்டுக்கு வருவதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மங்கலம் பஸ் இல்லை. கையில் நண்டுவாடை. மழையில் நீட்டினாள், போகவில்லை. நேரம் பத்தைத் தாண்டி எவ்வளவோ ஆகியிருக்கும். சூடுபண்ணத் தெரியாத ஆள், மறந்திருக்கலாம். மழையில் நண்டு தேடிப் போனவன் இன்னும் திரும்பாமல் இருக்கலாம். அடுப்பு நமத்திருக்கலாம். புருசன் எதையும் சொன்னபடி செய்யமாட்டான் என்று இத்தனை வருசம் சண்டை போட்டவள், இன்றைக்கும் செய்யாமல் இருக்கட்டும் என்று நின்றாள்.

மேற்கேயிருந்து ஒரு சரக்கு ஆட்டோ வந்தது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. தாண்டிப்போய் நின்றது. முருகம்மாள் தலையை நீட்டி, "பூமயிலு! ஏறு, ஏறு," என்று கத்தினாள்.

உள்ளே சோணைமுத்துவின் மடியில் இராமலட்சுமி கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. முகம் வீங்கி, கண்ணிமை தடித்து, யாரோபோல் இருந்தாள். வாயோரம் நுரை. பூமயில் குனிந்தாள். நொறுநொறு.

"நீ வச்சதச் சூடுபண்ணிக் குடுத்தேன்," என்றான் அவன். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தான். "அப்பறம் வரப்புல நாலஞ்சு கெடச்சுச்சு. அதையும் நானே இடிச்சுப் பிழிஞ்சு குடுத்தேன். குடிச்சா புள்ள. வேணாங்கல, முழுசாக் குடிச்சா. குடிச்சுட்டு, அண்ணே, நல்லாத்தேன் வச்சிருக்கீகன்னா. ஒரு கால்மணி கூட இல்ல."

அவன் கையில் உரலில் பட்ட காயம் இருந்தது. அவன் அதுவரை உலக்கை பிடித்ததில்லை.

பூமயில் இராமலட்சுமியின் கையைப் பிடித்தாள். அந்த விரல்கள் அவளுடைய சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. தேவிபட்டினத்தைத் தாண்டி மழை விட்டது. அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் இல்லை என்பது தெரிந்தது. விரல்கள் அப்படியேதான் இருந்தன. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுத்தாள்.

*

எல்லாரும் பூமயிலைத்தான் மெச்சினார்கள். பெத்த தாய் செய்யமாட்டாள் அவ்வளவு, என்றார்கள். எந்த நாத்தனாருக்கு எந்த மதினி இப்படி இடித்து இடித்து ஊற்றியிருக்கிறாள் என்றார்கள். பூமயில் தலையைக் குனிந்துகொண்டாள். துக்கத்தில் குனிகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சோணைமுத்து யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் மாமன் மச்சானிடம் சொன்னான். பிறகு கரிமூட்டத்தில் சொன்னான். பிறகு யாரும் கேட்காமலே, சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சொன்னான்.

"நாலஞ்சுதேன் கெடச்சுச்சு. வெள்ளனமே போயிருந்தா இன்னும் நாலு கெடச்சிருக்கும். பத்தாமப் போச்சு. இன்னும் ஒரு டம்ளரு உள்ள போயிருந்தா எந்திரிச்சிருப்பா."

முதல் தடவை அதைக் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள். பத்தவில்லை என்கிற துக்கத்தை ஒரு மனிதனால் தூக்கிக்கொண்டு நடக்க முடியும். அவன் நடந்துகொண்டிருந்தான். மற்றதைச் சொன்னால் நடப்பானா? அவனுக்காகத்தான் சொல்லவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சில நாளில் அதை நம்பவும் செய்தாள். வேறு சில நாளில், அடுப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அது உண்மையில்லை என்று தெரியும். அவன் கொடுத்தது ஒரு நாள். அவள் ஆவணியிலிருந்து கொடுத்தாள். அதில் ஒரு நண்டைக் கூடவே இடித்தாள். அவன் முகத்தைப் பார்த்து விழுங்கினாளா, இல்லை, அவன் தன் முகத்தை அப்படிப் பார்த்துவிடுவான் என்று விழுங்கினாளா?

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் அரைத்துக்கூட முடிக்கவில்லை. தன் பிள்ளை இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்த நாட்கள். மனசுக்குத் தெரியாமல் கைக்கு ஏதாவது தெரிந்திருக்குமா? இருக்காது. சத்தியமாக இருக்காது. ஆனாலும் ஒருத்தி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஷெட்டுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. உரலைக் கொல்லைப்பக்கம் உருட்டிக் கவிழ்த்துப் போட்டாள்.

மறு வருசம் ஐப்பசி தவறாமல் பெய்தது. கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தது. வரப்பெல்லாம் வளை. மண்ணை உருண்டை பிடித்து வாசலில் தள்ளிவைத்துவிட்டு நண்டுகள் கண்ணை நீட்டிப் பார்த்தன. வாய்க்காலில் கால் வைக்கும் இடமெல்லாம் நண்டு.

சாயந்தரம் சோணைமுத்து வயலிலிருந்து வந்தான். தலைத்துண்டு போட்டு மூடிய கூடை. உள்ளே நொறுநொறு என்றது. கொல்லைக்குப் போய் உரலை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"என்ன இது?"

"முருகம்மா மகவீட்டுப் புள்ளைக்கு இழுப்பாம். பச்சப்புள்ள, கெடந்து தவிக்குது. இடிச்சுக் குடுத்துட்டு வாரேன்." துண்டை விலக்கிக் காட்டினான். "பாரு, கூடை நெறைய. இந்தத் தடவ கொறையாது."

பூமயில் கூடைக்கும் உரலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"குடுக்காதீங்க."

"ஏத்தா?"

"யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு நமக்குத் தெரியாது. எல்லாருக்கும் இல்ல. சில பேரு ஒடம்புக்கு நண்டு வெசம். ஆவி பட்டாலும் வெசம், சாறு போனாலும் வெசம். நம்ம லெச்சுமிக்கு அதுதேன். அரிப்பு, இழுப்பு எல்லாம் அதுதேன். நாம அதையே குடுத்தோம்."

அவன் கையில் உலக்கை இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"ஷெட்டுல, உம்மு ஹபீபாக்கா."

"எப்ப?"

"அன்னைக்கித்தேன். உப்பூருல மழையில நின்னனே. அதுக்கு மின்ன."

முருகம்மாள் வீட்டில் பிள்ளை இருமும் சத்தம் கேட்டது. கூடையில் ஒரு நண்டு விளிம்பு வரை ஏறி விழுந்தது.

"அப்ப நான் குடுத்தது..."

"நீங்க ஒருநாத்தேன். நாந்தேன் ஆவணியில இருந்து குடுத்தேன். என் கையாலதேன் போச்சு. நீங்க இல்ல."

அதைச் சொன்னால் அவனுக்குப் பாரம் குறையும் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் கண்ணில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, மாமன் மச்சானிடம் சொன்னது, கரிமூட்டத்தில் சொன்னது, சோற்றுக்கு முன்னால் சொன்னது, ஒவ்வொன்றையும் இவள் கேட்டுக்கொண்டு இருந்தது.

"பத்தலைன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றான்.

உலக்கையைச் சுவரில் சாய்த்தான். கூடையை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தான். பூமயில் பின்னால் போனாள். "மொதல்ல முருகம்மாட்டப் போயி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு," என்றான் திரும்பாமல். அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். பூமயில் நின்ற நிலையைப் பார்த்து முருகம்மாள் ஏன் என்று கேட்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பூமயில் வாய்க்காலுக்குத் திரும்பினாள்.

அவன் தண்ணீரில் கூடையைச் சாய்த்திருந்தான். நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, ஈரம் பட்டதும் கால் முளைத்ததுபோல் ஓடின. கடைசியாகக் கூடையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவன் கையால் எடுத்துவிடப் போனான். அது தடித்த கொடுக்கால் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. கையைத் தண்ணீருக்குள் வைத்தான். பிடித்துக்கொண்டே கிடந்தது. எடுத்து ஒரு உதறு உதறினான். நண்டு கொடுக்கைக் கழற்றி விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் விழுந்து, பக்கவாட்டில் நடந்து கோரைக்குள் போய்விட்டது.

அவன் வரப்பில் உட்கார்ந்தான். விரலில் கொடுக்கு இருந்தது. பூமயில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதை எடுக்க அவள் கை நீளவில்லை. அவனும் எடுக்கவில்லை. கண்மாய்த் தண்ணீர் மடையில் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் போன பிறகும் கொடுக்கு விடவில்லை.